கேட் கீலுக்கு வைத்திருந்த எண்ணெய்

என் காரின் பிரேக்கைக் கெடுத்தவன் நான். பழி விழுந்தது எங்கள் மெக்கானிக்கின் தலையில். அது தானாக விழவில்லை, நான்தான் தள்ளிவிட்டேன். இதைவிடக் கேவலமான ஒன்றும் உண்டு. செய்யாத தவறுக்காக அவரை நான் பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொறியியல் கல்லூரியில் பணிக்காலம் முழுவதும் ஹைட்ராலிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்றவன். திரவத்தை அழுத்தினால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று பல தலைமுறைப் பையன்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். மனிதனை அழுத்தினால் எப்படி நடந்துகொள்வான் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. ஆகையால் அதில் நான் தேறாமல் போனதில் வியப்பில்லை.

நானும் என் மனைவியும் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர்ப் பக்கம் ஒரு அடுக்ககக் குடியிருப்பில் வாழ்கிறோம். எங்களுடையது தரைத்தளத்துக் கோடி வீடு. தனி வாசல், அதற்கு ஒரு சின்ன இரும்புக் கேட், அதையொட்டி ஒரு கார் நிற்கும் இடம். குடியிருப்பில் வங்கி, பள்ளிக்கூடம், தொலைபேசித் துறை என்று எல்லாத் துறைகளிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறோம். இங்கே இன்னும் ஓய்வு பெறாதவை தெருநாய்கள் மட்டும்தான். எல்லாரிடமும் கார் உண்டு. எல்லாக் கார்களும் வாரத்தில் இரண்டு முறை காய்கறி வாங்கப் போகும். அவற்றைப் பராமரித்தவர் மெயின் ரோட்டுத் திருப்பத்தில் கடை வைத்திருந்த மெக்கானிக். நாங்கள் அவரைப் பாய் என்று அழைப்போம்.

பாய் அடக்கமான மனிதர் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே வண்டியின் நோயைச் சொல்வேன் என்பார். சொல்வதில் பாதி தப்பாக இருக்கும். அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"சார், இந்தத் தாம்பரத்துல பிரேக்குன்னா ஒரே ஆளுதான். அது யாருன்னு என் வாயால சொல்லக்கூடாது, தற்பெரும ஆயிடும்" என்பார்.

எங்கள் குடியிருப்பில் ஆயுத பூஜைக்கு முன் கார்களை வரிசையாக அவர் கடையில் விடுவது வழக்கம். வண்டியைப் பார்த்து, கழுவி, துடைத்து அனுப்புவார். அவர் கடையிலும் பூஜை உண்டு. வேலை செய்யும் ஆட்கள் ஸ்பானருக்கெல்லாம் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். பாய் கொஞ்சம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆனால் பொரியும் கடலையும் வாங்குவது அவர்தான். பொரி நமுத்திருந்தால் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போடுவதும் அவர்தான். மறுநாள் எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வந்துவிடும்.

அந்த ஆண்டும் வண்டியை விட்டேன். திருப்பி எடுக்கப் போனபோது பாய் பேனட்டைத் திறந்து காட்டினார். ஓட்டுநர் பக்கமாக, வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன டப்பா இருக்கும். அதன் மேல் இரண்டு கோடுகள், மேல் அளவு ஒன்று, கீழ் அளவு ஒன்று. பிரேக் ஆயில் இருப்பது அதில்தான்.

"பிரேக்கு பேடு பாதி தேஞ்சிகீது சார். அதான் ஆயிலு கொஞ்சம் எறங்கிகீது. நான் ஊத்தல. பேடு மாத்தறப்போ தானா மேல ஏறிடும். இப்ப ஊத்தினா அப்ப வழியும். ஆனா ஆயிலு பழசாயிடுச்சி, கருத்துகினு கீது. மொத்தமா மாத்திடலாமா?"

"அடுத்த தடவை பார்க்கலாம் பாய்" என்றேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏற ஏறக் கொஞ்சம் சூட்டுக்கே கொதித்துவிடும். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதாத பையன்களுக்கு நான் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். என் காரில் அந்த 'அடுத்த தடவை' நான்கு ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பிற்பகல். பூஜை நாளில் வீட்டில் எந்தப் பாத்திரமும் குறையாக இருக்கக்கூடாது என்பது என் மனைவியின் விதி. அரிசிப் பானை, உப்பு ஜாடி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் நிறைத்து வைப்பாள். இந்த விதியைக் காருக்கும் நீட்டியவன் நான். கண்ணாடி துடைக்கும் தண்ணீரை நிறைத்தேன். ரேடியேட்டரின் டப்பாவை நிறைத்தேன். அடுத்து அந்த வெள்ளை டப்பா. ஆயில் பாதியில் நின்றது. பேட் தேய்வதைக் கார் நமக்குச் சொல்லும் வழி அது, அதை மேலே ஊற்றி மூடக்கூடாது என்பதை நான் அறிவேன். ஆனாலும் நாளைக்குப் பூஜை, இன்றைக்கு டப்பா பாதி. கண்ணுக்கு உறுத்தியது.

அலமாரியில் பிரேக் ஆயில் என்று சீட்டு ஒட்டிய சின்ன பாட்டில் ஒன்று இருந்தது. எடுத்தேன், ஊற்றினேன், மேல் கோட்டைச் சரியாகத் தொட்டதும் நிறுத்தினேன். மிகத் துல்லியமான வேலை.

எங்களைப் போன்ற குடும்பங்களில் காலி பாட்டிலைத் தூக்கிப் போடுவது பாவம். எங்கள் வீட்டில் பிஸ்கட் டின்னைத் திறந்தால் துவரம்பருப்பு இருக்கும். இனிப்புப் பெட்டியைத் திறந்தால் ஊசி நூல் இருக்கும். அதே நியாயத்தில் பிரேக் ஆயில் பாட்டிலில் என்ன இருக்க வேண்டுமோ அது இருந்தது. மிஞ்சிய என்ஜின் ஆயில். வாசல் கேட்டின் கீலுக்குப் போடுவதற்காக அதை ஊற்றி வைத்தவன் நான்தான். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிர் மஞ்சள். மோந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். படித்தவன் சீட்டைப் படிப்பான், மோந்து பார்ப்பானா?

பிரேக்கை நாம் மிதிக்கும்போது கால் நேராகச் சக்கரத்தை நிறுத்துவதில்லை. பெடல் ஒரு சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். அதற்கு முன்னால் இருக்கும் திரவம் அமுங்கிக்கொடுக்காது. அதனால் வாங்கிய அழுத்தத்தை மெல்லிய குழாய்கள் வழியே நான்கு சக்கரத்துக்கும் அப்படியே கொண்டு சேர்க்கும். அங்கே இருக்கும் பிஸ்டன்கள் சக்கரத்தோடு சுழலும் தட்டின் மேல் பேடை அமுக்கும். வண்டி நிற்கும். எங்கும் கசியாமல் காப்பவை சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள். பிரேக் ஆயிலை நாம் ஆயில் என்று அழைத்தாலும் அது எண்ணெய் வகையே அல்ல. அந்த ரப்பர் அதோடு மட்டும்தான் குடித்தனம் நடத்தும். உண்மையான எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். பெருத்த ரப்பர் சிலிண்டரின் வழியை அடைத்துக்கொள்ளும். காலை எடுத்த பிறகும் பேட் சக்கரத்தை விடாது, உரசிக்கொண்டே ஓடும். உரசினால் சூடு. நான்கு ஆண்டு ஈரம் குடித்த ஆயில் அந்தச் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழிகளாகும். ஆவி அமுங்கிக்கொடுக்கும். அப்புறம் நீங்கள் மிதிப்பது பிரேக்கை அல்ல, காற்றுத் தலையணையை.

பூஜைக்கு நான்கு எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் மங்களகரமாகக் கிளம்பியது. இரண்டு வாரம் கழித்து வண்டலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. ஜி.எஸ்.டி. சாலையில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தோம். பெருங்களத்தூர் தாண்டும்போது என் மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"ஏதோ கருகுதே."

"முன்னாடி போற லாரி."

"லாரி போயி ரொம்ப நேரமாச்சு."

"வேற லாரி இருக்கும்" என்றேன், நிபுணனாக.

வண்டலூர் நெருங்கும்போது போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். மிதித்தேன். பெடல் தரை வரை போனது, எந்த ஆட்சேபமும் இல்லாமல். கை பிரேக்கை இழுத்தேன். அது கம்பியில் இயங்குவது, எண்ணெய் விவகாரங்களில் தலையிடாது. வண்டி வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இரும்புத் தடுப்பில் போய் மோதியது. எனக்குக் கீறல்கூட இல்லை. முன்னால் கையை ஊன்றிய என் மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

கூட்டம் கூடியது. ஒருவர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர் அவளைச் சாலையோர நாற்காலியில் உட்கார வைத்தார். நான் என்ன செய்தேன்? பேனட்டைத் திறந்தேன். வெள்ளை டப்பாவின் மூடியைத் திருகினேன். மூடிக்குள் இருக்கும் ரப்பர், தயிரில் ஊறிய வடை மாதிரி ஊதிக் கிடந்தது. ஆயிலின் மேலே தனியாக ஒரு படலம் மிதந்தது. என் வாழ்க்கையில் எந்தக் கணக்குக்கும் அவ்வளவு விரைவாக விடை கண்டதில்லை.

எங்களை அழைத்துப்போகக் குடியிருப்பின் செயலாளர் தன் காரில் வந்தார். நல்ல மனிதர், பதறிப்போயிருந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பிரேக்ல ஏதோ தப்பான ஆயில் ஊத்தியிருக்காங்க சார்" என்றேன்.

"யாரு, நம்ம பாயா? இப்பதானே பூஜைக்கு விட்டீங்க?"

பெருமூச்சு மட்டும் விட்டேன். அந்தப் பெருமூச்சுக்கு நான் வருந்தும் அளவுக்கு வேறு எந்தப் பேச்சுக்கும் வருந்தவில்லை.

கட்டுப் போட்டு வீடு திரும்புவதற்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுதியிருந்தார்: 'பூஜை நேரத்துல அந்தக் கடையில வண்டி விடறது எனக்கு எப்பவுமே பிடிக்காது. காரணத்தைச் சொன்னா தப்பா எடுத்துக்குவீங்க.' காரணத்தை அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் புரிந்தது. எனக்கும் புரிந்தது. என் மனைவியின் நலம் விசாரித்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லும் விதமாக ஒரு கும்பிடு போட்டேன். அது போய் அவருடைய வாசகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தது. அழிக்கலாம் என்று நினைத்தேன். அழித்தால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன். மரியாதை விஷயத்தில் நான் எப்போதுமே கவனமானவன்.

வண்டியை இழுத்துக்கொண்டு போனது பாய்தான். இரண்டு நாள் கழித்துக் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. உள்ளங்கையில் ஊதிப்போன ரப்பர் வளையம் ஒன்றை வைத்திருந்தார்.

"சார், இத்த பாருங்க. இது இன்ஜின் ஆயிலு பட்ட ரப்பரு. நீங்க வாத்தியாரு, உங்களுக்கே தெரியும். உங்க வண்டிக்கு நான் ஒரு சொட்டு ஊத்தல. பாதியிலதான் வுட்டு குடுத்தேன், உங்க கண்ணு முன்னாடி காட்டினேன். இப்ப மேல் கோடு வரிக்கும் கீது. எப்டி சார் ஏறிச்சி?"

நல்ல கேள்வி. ஒரு ஹைட்ராலிக்ஸ் பேராசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி. பேராசிரியர் சொன்ன பதில் இது:

"விடுங்க பாய். மனுஷன்னா தப்பு நடக்கறது சகஜம். நான் மனசுல வச்சுக்க மாட்டேன்."

அவர் ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டிய முழுசா செஞ்சி குடுத்துடறேன். காசு வாணாம். உங்களுக்காக இல்ல, என் பேருக்காக."

சொன்னபடியே செய்தார். எண்ணெய் பட்ட ரப்பர் ஒன்றைக்கூட விட்டுவைக்கக் கூடாது. பெரிய சிலிண்டர், நான்கு சக்கரங்களின் வளையங்கள், வளையும் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றி, உலோகக் குழாய்களைக் கழுவி, புது ஆயில் ஊற்ற வேண்டும். ஒரு பாட்டில் சோம்பலுக்கு அவ்வளவு வேலை. நானும் காசு வேண்டாம் என்றவரை வற்புறுத்தவில்லை. அவர் மனம் புண்படக்கூடாது அல்லவா?

அதன் பிறகு எங்கள் கார்கள் ஒவ்வொன்றாக வேறு பக்கம் போயின. யாரும் பாயிடம் சண்டை போடவில்லை. நாங்கள் நாகரிகமானவர்கள். அவர் கடையைக் கடக்கும்போது போனைப் பார்த்தோம். எங்கள் குடியிருப்பைப் பார்த்துப் பக்கத்துத் தெருவும் மாறியது. அவரிடம் இருந்த இரண்டு ஆட்கள் வேலையில்லாமல் வேறு கடைக்குப் போனார்கள். அடுத்த பொங்கலுக்குள் கடை மூடிவிட்டது. அனகாபுத்தூர்ப் பக்கம் ஏதோ சந்தில் சின்னதாகப் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். 'அடடா' என்றோம்.

அந்தக் கோடையில் குடியிருப்பில் எனக்கு ஒரு கௌரவம் கிடைத்தது. நடந்த விபத்தை முன்னிட்டு, மூத்த குடிமக்களுக்காக 'உங்கள் காரின் பிரேக்' என்று நான் ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டுமாம். ஆற்றினேன். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுண்டல், ஒலிபெருக்கி. ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்றேன். அளவு இறங்கினால் ஊற்றி மறைக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள் என்றேன். பெடல் மெத்தென்று இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள் என்றேன். சீல் உடைக்காத புது டப்பாவைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் முழங்கினேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கடைசியில் வங்கி அதிகாரி எழுந்து, "இதெல்லாம் படிச்சவங்க சொன்னாத்தான் தெரியுது. கண்டவங்க கையில உயிரைக் கொடுத்துட்டு இருந்தோம்" என்றார். கை தட்டினார்கள். எனக்குத் துண்டு போர்த்தினார்கள். வெயில் காலம், வியர்த்தது.

துண்டோடு வீட்டுக்கு வந்தேன். கேட்டைத் தள்ளினேன். அது கிறீச்சென்று கத்தியது. மாதக்கணக்காகக் கத்திக்கொண்டுதான் இருந்தது.

கட்டுப் பிரித்த கையால் என் மனைவி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அந்த விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. திரும்பாமல் கேட்டாள்.

"கேட்டுக்கு எண்ணெய் போடக் கூடாதா?"

"பாட்டில் காலி."

"பூஜைக்கு முன்னாடி பாதி இருந்துதே. நான்தானே அலமாரியைத் துடைச்சேன்."

நான் துண்டை மடித்தேன். துண்டில் மடிக்க அவ்வளவு ஒன்றும் இல்லை.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"கேட் கத்த ஆரம்பிச்சதிலேர்ந்து. அது கத்தும்போதெல்லாம் நீங்க ஒண்ணு செருப்பைப் பார்க்கறீங்க, இல்லேன்னா வானத்தைப் பார்க்கறீங்க."

"ஏன் கேட்கல?"

"நீங்க எப்ப சொல்வீங்கன்னு பார்த்துட்டு இருந்தேன். என் கைக்காகச் சொல்லல. அது சேர்ந்துடுச்சு. அந்த மனுஷன் வாசல்ல வந்து நின்னார் பாருங்க, அன்னைக்கு நான் உள்ள ஒத்தைக் கையால காபி போட்டுட்டு இருந்தேன், அவருக்குத்தான். நீங்க அவரை மன்னிச்சது காதுல விழுந்துது. காபியைக் கொட்டிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மாவைப் பிசைந்து முடித்தாள். அன்று சப்பாத்தி மிக மெல்லியதாக வந்திருந்தது.

அடுத்த ஞாயிறு குடியிருப்போர் பொதுக்கூட்டம். அதே நாற்காலிகள். தண்ணீர் லாரி, நாய்த் தொல்லை, மொட்டை மாடியில் யாரோ வற்றல் காயப்போடுவது என்று பேச நிறைய இருந்தது. நான் எழுந்தேன்.

"அன்னைக்கு என் வண்டியில தப்பான எண்ணெயை ஊத்தினது நான்தான். பாய் இல்லை. கேட்டுக்கு வச்சிருந்த என்ஜின் ஆயிலை நான் ஊத்தினேன். தெரிஞ்சும் மறைச்சேன்."

முன்வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு! அவர் கடை மூடிட்டார்னு பரிதாபப்பட்டு, பழியைத் தன் மேல போட்டுக்கறீங்களே!"

"இல்லைங்கம்மா, நிஜமாவே நான்தான். இதோ அந்த பாட்டில்." கையோடு கொண்டு வந்திருந்தேன்.

பாட்டில் கைமாறிக் கைமாறிச் சென்றது. சிலர் மோந்து பார்த்தார்கள்.

"பிரேக் ஆயில்னுதானே சார் போட்டிருக்கு?" என்றார் ஒருவர்.

"வயசாச்சு, எனக்கும் இப்படித்தான் சார். நடக்காததெல்லாம் நடந்த மாதிரி இருக்கும்" என்றார் இன்னொருவர் ஆதரவாக.

வங்கி அதிகாரி தொண்டையைச் செருமினார். "சரி, நீங்களே ஊத்தினதா வச்சுப்போம். மெக்கானிக்னா முன்கூட்டியே சொல்லியிருக்க வேணாமா, ஊத்தாதீங்கன்னு?"

"சொன்னார்."

"அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார் அவர். "முடிஞ்ச கதை. தண்ணி லாரிக்கு வருவோமா?"

என் பொய்க்கு ஒரு பெருமூச்சு போதுமாக இருந்தது. உண்மைக்குச் சாட்சிப் பொருள் கொண்டுபோயும் எடுபடவில்லை. கூட்டத்தின் முடிவில் என் பெருந்தன்மைக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் போட்டார்கள்.

நம்பியவர் ஒருவர் மட்டுமே. கலைந்து போகும்போது செயலாளர் என்னைத் தூணருகே நிறுத்தினார்.

"நிஜமாவா சார்?"

"நிஜம்தான்."

"வண்டலூர்ல நான் 'நம்ம பாயா'ன்னு கேட்டேன். நீங்க பெருமூச்சு விட்டீங்க."

"ஆமாம்."

"ஊரெல்லாம் சொன்னது நான் சார். நீங்க சொல்லல, நான்தான் சொன்னேன்." மறுநாள் முதல் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் செய்த வாக்குமூலத்துக்குக் கிடைத்த ஒரே மரியாதையான பதில் அதுதான்.

அடுத்த நாள் பல்லாவரம், பம்மல் வழியாக அனகாபுத்தூருக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். சந்து என்றால் சந்து. இரண்டு பக்கமும் கண்ணாடியை மடக்கித்தான் நுழைய முடிந்தது. எங்கோ உள்ளே தறி ஓடும் சத்தம். பாயின் கடைச் சுவரில், ஆறு ஏறிய மழையில் தண்ணீர் நின்ற கறை இடுப்பு உயரத்துக்கு இருந்தது. கருவிகளையெல்லாம் அதற்கு மேலே ஆணியடித்து மாட்டியிருந்தார்.

"வாங்க சார். அம்மா கை எப்டி கீது?" என்றார் எடுத்தவுடன்.

"தேவலாம். விரல் கொஞ்சம் மடங்கல." அப்புறம் ஒரே மூச்சில் சொன்னேன். "நான்தான் ஊத்தினேன் பாய். கேட்டுக்கு வச்சிருந்த என்ஜின் ஆயில்."

கையைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அந்தப் பேனட்ட தொறந்தது ரெண்டே பேரு சார். ஒருத்தன் நானு. நான் ஊத்தல. இத்த கண்டுபுடிக்க காலேஜா போவணும்?"

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"இன்னா சார், வெளையாடறியா? நீங்க ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா எவன் பேச்சு எடுபடும்? அதான் உங்க வூட்டுக்கே வந்தேன். ரப்பர கைல வச்சினு நின்னேன், நீங்களா ஒரு வார்த்த சொல்வீங்கன்னு. நீங்க இன்னா சொன்னீங்க?"

அவருக்கு நினைவிருந்தது. என் வாயால் கேட்க வேண்டும் என்று நின்றார். சொன்னேன்.

"தப்பு நடக்கறது சகஜம், மனசுல வச்சுக்க மாட்டேன்னு சொன்னேன்."

"ஆங், அத்த. கட போனதுகூட போவட்டும், இங்க ஏதோ ஓடிகினு கீது. ஆனா அந்த மன்னிப்பு கீது பாரு, அதான் சார் பெரிய பேஜாரு. எனக்கு வாணாத ஒண்ண கைல குடுத்துட்டீங்க, திருப்பிக் குடுக்க எடம் இல்ல. இன்னிக்கு வந்துட்டீங்க. எடுத்துகினு போயிடுங்க."

"பழைய இடத்துக்கே வந்துடுங்க பாய். இடத்துக்காரர்கிட்ட நான் பேசறேன்."

"அங்க இப்ப பிரியாணிக் கட வந்துடுச்சி" என்றார். "அதுவும் சொல்லிக்கறாப்ல இல்லயாம்."

கடையில் ஒரு கார் சக்கரம் கழற்றி நின்றது. அவர் ஆள் அன்று வரவில்லை. பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்ததே வந்தீங்க, உள்ள ஏறி குந்துங்க. பெடலு அமுக்கத் தெரியும்ல?"

புது ஆயில் ஊற்றியதும் குழாய்களில் சிக்கியிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்துக் கடைசியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே ஒரு சின்னத் திருகு முளையைத் திறப்பார். ஆயிலும் குமிழியும் குழாயில் பீய்ச்சிக்கொண்டு வரும், பெடல் கீழே போகும். அவர் முளையை மூடும் வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும், செய்ததெல்லாம் வீண். தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக வர வேண்டும். இதை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். காலால் செய்ததில்லை.

"அமுக்கு. அமுக்கு. புடி!" என்று பின்சக்கரத்திலிருந்து குரல் வந்தது. பிடித்தேன். "வுடாத! வுடாதன்னு சொல்றேன் இல்ல?" கால் நடுங்கியது. "ஆங். இப்ப வுடு."

'சார்' என்ற சொல் காணாமல் போயிருந்தது. அவர் கவனிக்கவில்லை, வேலை மும்முரம். எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது.

இப்போதெல்லாம் வாரம் ஒருமுறை போகிறேன். அனகாபுத்தூருக்கு என் கார் தவிர எங்கள் குடியிருப்பிலிருந்து இன்னும் சில கார்கள் வருகின்றன. முதலில் வந்தது செயலாளருடையது. அவர் பாயிடம் பேசுவார், என்னிடம் பேச மாட்டார். வங்கி அதிகாரி வரவில்லை, வரவும் மாட்டார். பாய் தாம்பரத்துக்குத் திரும்பவில்லை. பிரேக்குக்குக் காற்றெடுக்கும் வேலை இருந்தால் நான் ஏறி உட்காருவேன். என் கால் சரியில்லை என்று அவர் எல்லாரிடமும் குறை சொல்கிறார். அது தற்பெருமைக் கணக்கில் வராது போலிருக்கிறது.

அவர் கடையில் ஒரு வழக்கம் புதிதாக வந்திருக்கிறது. தாம்பரத்தில் இருந்தபோது அது இல்லை. ஆயில் ஊற்றுவதற்கு முன் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, டப்பாவின் சீலைக் காட்டுகிறார். வண்டிக்காரர் கண் முன்னால் உடைத்து, மூக்கருகே நீட்டுகிறார். மோந்து பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகுதான் ஊற்றுவார். யாராக இருந்தாலும் விலக்கு இல்லை. வண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே மோந்து பார்க்கிறார்கள். பாய்க்கு ஏதோ வினோதப் பழக்கம் என்று நினைக்கிறார்கள். காரணத்தை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

வண்டிக்காரர் மோந்து முடித்ததும் டப்பா உள்ளே, பெடலருகே உட்கார்ந்திருக்கும் என்னிடம் வருகிறது.

"சார், ஒடச்ச சீலு, பாத்துக்கங்க. மோந்து பாருங்க."

ஒவ்வொரு முறையும் அதே குரல், அதே முகம். கேலியா, கண்டிப்பா என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. நான் குனிந்து மோந்து பார்க்கிறேன்.

"சரி பாய்" என்கிறேன்.

அதற்குப் பிறகுதான் ஊற்றுகிறார்.